பெருமாள் அண்ணே கூப்பிட்ட பெயர்கள்

பெருமாள் அண்ணே இன்று காலை போய்விட்டார். கிட்னி... ஒரு வருடமாக டயாலிசிஸ்.

சிலிபினில் இருக்கிற பழைய பஸ் ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு அவரைத் தெரியும். அவர் டயர் செக்‌ஷன், நான் ஸ்டோர் கிளார்க்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுங்காய் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. அதன் இடுகாட்டில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு பழைய தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடிப் படையல் போடுவோம். 1920-களில் ஊரிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்து, காய்ச்சலில் செத்து, அழ ஆளில்லாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு.

இலை போட்டதும் ஒருவர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது பெருமாள் அண்ணே. பேப்பரெல்லாம் கிடையாது, அவர் அப்பா கூப்பிட்டதைக் கேட்டே மனப்பாடம்.

"சேலத்துக் காத்தாயி, வாம்மா... கடைசி லயத்து வீட்டு அய்யாவு, வாப்பா... பேரு வைக்காத கைப்புள்ள, நீயும் வாடா கண்ணு..."

அவரோடு முதல் தடவை போய் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. டயர் கழற்றும்போது அந்த வாயில் வருகிறதை இங்கே எழுத முடியாது!

அன்று சாப்பாடு முடிந்ததும் நான் ஒன்று கேட்டேன். என் கொள்ளுத்தாத்தாவும் இந்தத் தோட்டத்தில்தான் செத்தார், அடுத்த வருடம் அவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள் என்று.

"யாரு, கங்காணியா?"

ஆமாம், கங்காணிதான். இவர்களை ஊரிலிருந்து கூட்டி வந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர். காய்ச்சலில் கிடந்தவர்களைப் பிரம்பால் எழுப்பினார் என்று பேச்சு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வராது, கோட் போட்ட போட்டோ மட்டும் தொங்குகிறது.

"கூப்பிட மாட்டேன் தம்பி. அவரு வந்து உக்காந்தா இவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. உசுரோட இருந்தப்பத்தான் நிம்மதியா திங்க விடல. இப்பவாச்சும் திங்கட்டும் லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

அவர் பாட்டுக்குத் தினமும் பத்து மணிக்கு ஒரு கிளாஸ் தே தாரிக்கைச் சுடச்சுட என் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். நானும் வீம்புக்கு அந்த டீயை ஆறவிட்டுத்தான் குடித்தேன்.

அடுத்த வருடப் படையலில் அவரே ஓர் இலையை என் கையில் கொடுத்தார். "வேலிக்கு அந்தாண்ட போடு. ஒன் ரத்தம், நீதான் போடணும்."

போட்டேன். அதற்கப்புறம் வருடா வருடம் போடுகிறேன்... அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

போன வாரம் வார்டில் போய்ப் பார்த்தேன். கை கால் எல்லாம் வீங்கியிருந்தது.

"இந்த வருசம் நீ கூப்பிடு."

"வெளையாடாதீங்க அண்ணே. கங்காணி வீட்டு ஆளு கூப்பிட்டா யாரு வருவா?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"வருவாங்க. வேலைக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிடாத. சோத்துக்குக் கூப்பிடு."

வரும் ஞாயிறு நான்தான். நான்கு நாளாகக் காரில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை... குரல்தான் அதட்டுகிற மாதிரியே வருகிறது. பயமாக இருக்கிறது.

அடக்கம் நாளை மதியம், வீட்டிலிருந்து. தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெயர் உங்களுடையது. என் குரல் எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொண்டு வந்து சாப்பிடுங்கள்.