வாய் திறக்காத எழுத்துகள்

புவியியல் டீச்சருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் பிரெஞ்சு வந்து சேர்ந்தது. பிரெஞ்சு எடுத்துக்கொண்டிருந்த இளம்பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் பாடப்புத்தகத்தை நீட்டினார்.

"ஏழாம் வகுப்ப மட்டும் பாத்துக்கோங்க. புது ஆள் வர்ற வரைக்கும்தான்."

"எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதே, மேடம்."

"அதே ஏபிசிடிதானே? பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் முன்னால போய்க்கிட்டே இருங்க, போதும்."

இருபத்தேழு வருஷ சர்வீஸில் டீச்சர் முடியாது என்று சொல்லிப் பழகவில்லை. யாருக்கும் வேண்டாத வேலையெல்லாம் கடைசியில் அவர் தலையில்தான் வந்து விழும். புத்தகத்தை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டார்.

பேருந்தில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து படித்தார். கிடைக்காத நாள்களில் கம்பியைப் பிடித்தபடி வினைச்சொற்களை முணுமுணுத்தார். பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். வீட்டில் கணவரையும் விடவில்லை. அவர் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வருகிறவர்.

"இந்தப் பாஷையில புத்தகம் ஆம்பளையாம், மேசை பொம்பளையாம்."

"நாற்காலி?" என்றார் கணுக்காலைத் தேய்த்தபடி.

"பொம்பளைதான். எல்லாரும் மேல ஏறி உட்கார்றாங்கல்ல."

'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதை அப்படியே எழுத்து விடாமல் சொல்லிக்கொடுத்தார். "இல்ஸ் பார்லென்ட்!" நாற்பது பிள்ளைகள் மூன்று வாரம் கத்தியதில், அதுவரை 'அட்லஸ் மிஸ்' என்றிருந்த பட்டப்பெயர் 'பார்லென்ட் மிஸ்' ஆனது.

நான்காவது வாரம் அலுவலக அலமாரியில் பாடத்தின் ஒலிப்பதிவு அகப்பட்டது. ஒரு பீரியடாவது தொண்டைக்கு ஓய்வு என்று வகுப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரு பெண் குரல், பொறுமையாக, "இல் பார்ல்" என்றது. மறுபடியும், "இல் பார்ல்."

முதல் பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரச் சிறுமி கையைத் தூக்கினாள். "மிஸ், அந்த ஆன்ட்டி தப்பா சொல்றாங்களா?"

டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. "சில பக்கம் அப்படிப் பேசுவாங்க. நாம எழுதியிருக்கிறபடியே சொல்லுவோம்."

உணவு இடைவேளையில் ஆசிரியர் அறை மூலையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். சந்தேகத்துக்கே இடமில்லை. மூன்று வாரமாக அவர் அடித்தொண்டையிலிருந்து சொல்லிக்கொடுத்த கடைசி எழுத்துகளில் பாதிக்கு மேல் அந்த மொழியில் வாயே திறக்காதவை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடிவைத்தார்.

இரண்டு நாள் பிரெஞ்சு பீரியடில் பழைய பாடத்தைப் பார்த்து எழுதச் சொல்லி ஓட்டினார். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் கண்ணாடிக்காரி எழுதாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் போர்டில் parlent என்று எழுதி, கடைசி மூன்று எழுத்துகளின் மேல் கோடு போட்டார்.

"இதச் சொல்லக் கூடாது. நான் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். அன்னிக்கு 'சில பக்கம்'னு சொன்னதும் பொய்தான். எனக்கு ரொம்ப அசதியா இருந்துச்சு."

"நீங்களும் இப்பத்தான் படிக்கிறீங்களா, மிஸ்?" என்றாள் கண்ணாடிக்காரி.

"ஆமா. உங்களவிட ஒரு நாள் மூத்தவ, அவ்வளவுதான்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். எதைப் படித்தாலும் பாதியை முழுங்குவதால் எல்லோரும் அவளைக் 'கொட்டாவி' என்பார்கள். "மிஸ், வாசிப்பு டெஸ்ட்ல நான் அப்பவே அப்படித்தான் வாசிச்சேன். நீங்க ரெண்டு மார்க் குறைச்சிட்டீங்க."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். அப்புறம்தான் உறைத்தது: நாற்பது பேரையும் மறுபடி வாசிக்க வைத்து மார்க் போட வேண்டும். அதற்கே ஒரு வாரம் போனது.

ஆண்டு இறுதி வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குறை ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து பிள்ளைகள் மட்டும் பழக்கதோஷத்தில் "பார்லென்ட்" என்றார்கள்.

"நல்லாத்தானே போகுது! அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பையும் நீங்களே எடுத்துக்கோங்க," என்றார் தலைமையாசிரியை.

வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே தெரியாத சொற்கள் ஏழு. எட்டாவது சொல்லுக்குப் போவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது.

"அம்மா, நீங்க எங்க இறங்கணும்?" என்று நடத்துநர் எழுப்பியபோது நிறுத்தம் இரண்டு தாண்டியிருந்தது. இறங்கி, பையைத் தோள் மாற்றிக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்.