காப்புக் கட்டிய கை

பாடாங் செராயில் இரண்டு கடை, கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு ஆள் ஏற்றும் ஆறு பஸ், எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் புது மண்டபம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் கட்டியவை இவை. எந்த பேங்க்காரனும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. மண்டபக் கல்லில் என் பெயருக்குக் கீழே என்ன பொறிக்கலாம் என்று கமிட்டி கேட்கிறது. சொல்கிறேன். தலை நிமிர்ந்து சொல்ல முடியாது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம். நான் சின்னப் பையன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. அந்த மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தேர் வடத்தை முன்னால் பிடிப்பவர் எங்கள் அப்பா; அவர் கையிலும் காப்பு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களோடு இருந்த சித்தி பின்னறையில் சுருண்டு கிடந்தாள். வயிற்றுவலி என்றார்கள். கல்யாணமாகாத அவள் வயிற்றில் பிள்ளை இருந்ததும், யாரோ ஒருத்தி கொடுத்த மருந்தைக் குடித்ததும் நான் பெரியவனான பிறகு தெரிந்தவை. துருவிய ஐஸில் பாகு ஊற்றும் ஐஸ் கச்சாங் வாங்கித் தருகிறேன் என்றவள் இப்படிப் படுத்துவிட்டாளே என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

“ரத்தம் நிக்கலைங்க. ஒரு கார் கூப்பிடுங்க,” என்று அம்மா அழுதாள்.

“காப்போட எல்லைய தாண்டுறதா? ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும். லயமே சிரிக்கும். வாய மூடு,” என்றார் அப்பா.

சித்தி என்னைக் கூப்பிட்டாள். “தம்பி, தேரு நம்ம வாசல்ல நின்னா சொல்லுடா. எந்திரிச்சு கும்பிட்டுக்கிறேன்.”

தேர் ஒவ்வொரு வாசலிலும் நின்று தேங்காய் வாங்கிக்கொண்டது. எங்கள் வாசலில் மட்டும் நிற்கவில்லை. நான் உள்ளே ஓடி, “சித்தி, அம்மன் நம்ம மேல கோவிச்சுக்கிட்டு போயிருச்சு,” என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காப்பு அவிழ்த்ததும் கார் வந்தது. அதற்குள் இறந்திருந்தாள்.

இந்த வருஷத் திருவிழாவில் என் கையில் காப்பு. நான்தான் கோவில் தலைவர். பேக்டரிக்குப் போகும் பெண்ணொருத்தி என் பஸ்ஸில், கோவிலுக்கு எதிரிலேயே, ரத்தப் போக்கில் மயங்கிச் சரிந்தாள். போன் வழியாக எவனிடமோ கருவைக் கலைக்கும் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறாள். என் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, எல்லை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பிழைத்துவிட்டாள்.

“அங்கிள், பொம்பளைக்கு உடம்புக்கோ மனசுக்கோ ஆபத்துன்னா டாக்டரே கலைக்கலாம்னு சட்டம் இருக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி, எண்பத்தொம்பதுலேயே வந்துருச்சு,” என்றார் இளம் டாக்டர். அப்படியானால் சித்தி கிடந்த அன்றும் இருந்திருக்கிறது.

“பின்ன ஏம்மா இங்க வரல?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்னாங்க, அங்கிள்.”

அப்பாவின் வார்த்தை, எழுத்து மாறாமல். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

திரும்பி வந்தால் கமிட்டியில் ஒருவர், “தலைவரே, எல்லையெல்லாம் எங்களுக்கு மட்டும்தான் லா?” என்று இளித்தார்.

அன்று சித்தியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எங்கள் வாசலில் தேரை நிற்கவிடாமல் வடத்தை இழுத்தது அப்பாவின் கை. பார்த்துக்கொண்டேதான் நின்றேன், அம்மனுக்குக் கோபம் என்று நினைத்தேன். ஆகவே கல்லில் பஸ்ஸும் கடையும் வேண்டாம். ‘காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டியவன்’ என்று பொறியுங்கள். அதைச் செய்தது நான்.