நேராக வந்தால் ஆமாம்

எங்கள் ஊர்க் கோயிலில் பூவாக்குக் கேட்பவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். போர்வெல் போடுவதானாலும் பெண் கொடுப்பதானாலும் மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இதுதான் வழக்கம். நான் பி.எஸ்சி. படித்தவன். "பூவுக்கு என்னுங்க தெரியும்?" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பேன். அப்படிப்பட்டவன்தான் ஐம்பத்தெட்டு வயதில், யாரோ வெள்ளைக்காரன் வரைந்த பொம்மைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆழியாற்றுத் தண்ணீர் இந்த வாரம் எங்கள் வாய்க்காலுக்கு வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சீட்டு என் மகளுடையது. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஓணத்துக்கு வந்தவள் கட்டிலில் அந்த டாரட் சீட்டுகளைப் பரப்பி, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் இரண்டு கையாலும் போட்டுக் கலைத்தாள்.

"மனசுல ஒன்னக் கேட்டுட்டு ஒரு சீட்டு எடுக்கோணுமுங்கப்பா. படம் நேரா வந்தா ஆமா. தலைகீழா வந்தா இல்ல. அவ்வளவுதான்."

அவள் தனக்கு ஒன்று எடுத்தாள். தலைகீழ். "பிரமோஷன் இல்லையாமா" என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள். ஊருக்குக் கிளம்பும்போது சீட்டை மறந்துவிட்டாள். போனில் சொன்னேன். "இருக்கட்டுமுங்கப்பா, உங்களுக்குப் பொழுது போகும்" என்றாள். போனது பொழுது மட்டுமல்ல, மரியாதையும்தான்.

முதல் கேள்வி அந்த வாய்க்கால் தண்ணீர். சீட்டு நேராக வந்தது. நாலாம் நாள் தண்ணீரும் வந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதையே மறந்து, சீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டு, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு முன் வீட்டில் சீட்டுக்கட்டைக் கண்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என் மனைவி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டு ஒரு கேள்வி. மோட்டார் வருகிற கோடையைத் தாங்குமா? ஆமாம். தேங்காய் விலை ஏறுமா? ஆமாம். மதியத்துக்குள் கரண்ட் வருமா? ஆமாம். 'இல்லை' என்ற பேச்சே கிடையாது. கொஞ்சம் மூளையுள்ளவனாக இருந்தால் இதில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று சந்தேகப்பட்டிருப்பான். எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. எனக்கு நல்ல நேரம் நடக்கிறது, சீட்டுக்கு என்னைப் பிடித்துப் போய்விட்டது என்று முடிவு செய்தேன். மதியம் தாண்டியும் கரண்ட் வராதபோது, எந்த நாள் மதியம் என்று நான் சொல்லிக் கேட்கவில்லையே என்று சீட்டுக்காக நானே வாதாடினேன்.

விஷயம் வெளியே போயிற்று. போகாமல் இருக்குமா, சொல்லித் திரிந்தவனே நான்தான். சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுக் காலி கேனோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர் ஒரு சீட்டை உருவுவார். படத்தை எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். நான் கண்ணை மூடி, "ஆமாங்க" என்பேன். அவர்கள் முகத்தில் வரும் நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்குத் தலை வீங்கிப் போனது. மனைவியின் தம்பியும் வந்தான்.

"மாமா, எம்பட மாடு செனையா இருக்குதுங்களான்னு பாருங்க."

சினைதான் என்றேன். பத்து நாள் கழித்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டான்: "டாக்டர் பாத்துட்டு வெறும் வயிறுங்கறாருங்க மாமா!"

எந்த மாட்டை மனதில் நினைத்துச் சீட்டெடுத்தாய் என்று அவனையே மடக்கினேன். அவனிடம் இரண்டு மாடு இருந்தது என் அதிர்ஷ்டம்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாய்க்கால் மேட்டில் ஏறினால் நின்று நின்று ஏறினாள். கோயமுத்தூரில் காட்டினோம். நெஞ்சைத் திறந்து ஒரு வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வீட்டுக்கு வந்ததும் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். நான் நேராகச் சாமி அலமாரிக்குப் போனேன்.

'நல்லபடியாக வீடு திரும்புவாளா?'

நேராக வந்தது. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். எல்லாம் ஆமாம்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததென்று உறவுக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மகள் போனில் அழுதபோது, "அழுகாத கண்ணு, அம்மாவுக்கு ஒன்னும் ஆகாது, நானாச்சு" என்று டாக்டருக்கே டாக்டர்போல் சொன்னேன். மனைவி பயப்படுகிறாளா என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாயிற்றே என்ற நினைப்பு.

ஆஸ்பத்திரியில் சேர இரண்டு நாள் இருக்கும்போது தோப்பிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். விளக்கு வைக்கிற நேரம். அவள் சாமி அலமாரிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, சீட்டுக்கட்டை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாக இருந்த ஒன்றை நேராகத் திருப்பிச் செருகினாள். அடுத்ததைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, என்ன பண்ணீட்டிருக்கறே?"

"நீங்க கண்டபடி போட்டு வெச்சர்றீங்க. நாந்தானுங்க தெனமும் வெளக்குப் பத்த வெக்கறப்ப நேராக்கி வெக்கறன்."

"தெனமுமா?"

"சாமிகிட்டக் கொண்டாந்து வெச்ச நாள்ல இருந்துங்க. படத்தத் தலைகீழா வெச்சா ஊடு வெளங்குமுங்களா?" ஒரு சீட்டை என்னிடம் நீட்டினாள். சிங்கத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கும் படம். "இந்தச் சிங்கத்தோட நிக்கற அம்மிணியப் பாருங்க. இவளப் போயித் தலைகீழா நிறுத்தலாமுங்களா?"

எனக்கு விஷயம் விளங்கியது. மகள் கலைத்ததுபோல் பரப்பிப் போட்டுக் கலைத்திருந்தால் தலையும் காலும் மாறியிருக்கும். நான் கல்யாண வீடுகளில் ரம்மி ஆடிப் பழகியவன். கையிலேயே வைத்து மேலும் கீழுமாக அடுக்கி மாற்றுவேன். அதில் வரிசை மாறுமே தவிர, நின்ற படம் நின்றபடிதான் இருக்கும். காலையில் ஆட்கள் கைமாற்றிய ஒன்றிரண்டு சீட்டு தலைகீழானால் சாயங்காலம் இவள் திருப்பிவிடுவாள். அந்தச் சீட்டுக்கட்டில் 'இல்லை' என்பதே இருந்ததில்லை. அவள் நல்லபடியாகத் திரும்புவாளா என்று நான் தினமும் கேட்டதற்கு, தினமும் பதில் போட்டு வைத்தது அவளேதான்.

அன்றிலிருந்து பயமாக இருந்தது. அவளில்லாவிட்டால் அந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. முப்பது வருடம் கூட இருந்தவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் சர்க்கரை டப்பா ஞாபகம் வந்தது, பாருங்கள். அந்த லட்சணத்தில்தான் இருந்தேன்.

கிளம்புகிற அன்று காலை கார் வாசலில் நின்றது. அவள் உள்ளறையில் துணிப்பையை மூடிக்கொண்டிருந்தாள். நான் சீட்டுக்கட்டை எடுத்தேன். முந்தின நாள் முழுக்க அவளை வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் படம் பார்க்கிறோம் என்று கிளறியிருந்தார்கள். அவளுக்கு நேராக்கப் பொழுதில்லை. ஐந்தாறு சீட்டுகள் தலைகீழாக இருந்தன. ஆக, அன்றைக்குத்தான் அது உண்மையாகவே பதில் சொல்லக் கூடிய நிலையில் இருந்தது. பி.எஸ்சி. படித்தவன் என்ன செய்தேன் தெரியுமா? தரையில் உட்கார்ந்து, யாரும் வருவதற்குள், தலைகீழாக இருந்தவற்றையெல்லாம் தேடித் தேடித் திருப்ப ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் நேராக்கிவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று.

"ஏனுங்க."

பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. நான் என்ன கேட்கப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மெதுவாகக் குனிந்து என் கையிலிருந்த கட்டை வாங்கி, மூச்சு வாங்க நிமிர்ந்து, அலமாரியில் அப்படியே வைத்தாள்.

"மிச்சம் இருக்கட்டுமுங்க. நா வந்து நேராக்கிக்கறன்."

காரில் ஏறி உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் முதல்முறையாக அவளிடம் கேட்டேன், பயமாக இருக்கிறதா என்று. "ஆமாங்க" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அலமாரி அவளுக்கு எட்டாது. விளக்கை நான்தான் ஏற்றினேன். சீட்டு, அவள் வைத்தது வைத்தபடி அங்கேயே இருந்தது. விரல்கள் நமநமவென்றுதான் இருந்தன. தொடவில்லை. மச்சான் வந்து இன்னொரு மாட்டைப் பற்றிக் கேட்டபோதும், டாக்டரிடம் போ என்று அனுப்பிவிட்டேன்.

தை பிறந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு சாயங்காலம் அவளே கையை உயர்த்திக் கட்டை எடுத்தாள். பழையபடி சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலைகீழாக இருந்ததைத் திருப்பினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"நானும் ஒரு கை புடிக்கட்டுமா?"

"வேண்டாமுங்க" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நீங்க தொட்டா ஒழுங்கா இருக்கறதும் கெட்டுப் போகும். போயி மாட்டப் புடிச்சுக் கட்டுங்க."

அந்த அலமாரிக்கு முன்னால் எனக்குக் கிடைத்த முதல் 'இல்லை' அது. சிரித்துக்கொண்டே போய் மாட்டைப் பிடித்துக் கட்டினேன்.