பின்பக்கத்து இரண்டு வயர்கள்

ஆயுத பூஜை திங்கட்கிழமையிலும் விஜயதசமி செவ்வாய்க்கிழமையிலும் வந்த வருடம் அது. போடியில் நான் கணக்குப் பார்க்கும் ஏலக்காய்க் கம்பெனியில் திங்கள் காலை பூஜை முடிந்து பொரி வாங்கிக்கொண்டு போனவர்கள், புதன்கிழமைதான் திரும்பி வந்தோம். வந்து கம்ப்யூட்டர்களைப் போட்டால் எதிலும் இணைப்பு இல்லை. பில் போடும் மென்பொருள் மாடியில் உள்ள சர்வரில் இருக்கிறது. அதுவும் திறக்கவில்லை. வாசலில் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பில்லுக்காக நின்றுகொண்டிருந்தது.

அந்த நெட்வொர்க்கை அமைத்தவர் என் கணவர். தேனியில் சிறிய கடை வைத்து இந்த வேலைதான் செய்கிறார். கம்பெனிக்கு அவரைச் சிபாரிசு செய்தவள் நான். முந்தின மாதம்தான் பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எல்லாக் கம்ப்யூட்டர்களின் வயர்களும் வந்து சேரும் இரண்டு புது நெட்வொர்க் சுவிட்சுகளை மாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டியிருந்தார். பின்பக்கம் இரண்டு குட்டையான தடித்த வயர்கள் அவற்றை இணைத்தன. அப்படி இணைத்தால் இரண்டும் ஒரே சுவிட்சாக வேலை செய்யுமாம். கம்பம், குமுளிக் கிளைகளின் வேலையையும் அவரிடமே கொடுக்கலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு மாட்டுன பெட்டிக்குப் பொரிகடலை பத்தல போல. கோவிச்சுக்கிருச்சு" என்றார் கேஷியர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு என் கணவர் வந்து சேர்ந்தார். மாடியில் சுவிட்சுகளின் விளக்குகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெறிபிடித்தது போல மின்னிக்கொண்டிருந்தன. பார்த்த உடனே, "எங்கனயோ லூப் விழுந்திருக்கு" என்றார். முதலாளி புரியாமல் பார்க்கவும் விளக்கினார்: "ஒரு வயரு போன எடத்துக்கே திரும்பி வந்தா, அனுப்புன தகவல் நிக்காமச் சுத்திக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. மத்ததுக்கு வழி கெடைக்காது."

அவர் ஒவ்வொரு வயராகச் சரிபார்க்கத் தொடங்கினார். நேரமாயிற்று. லாரிக்காரர் இரண்டு முறை மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எதையும் உடனே படித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். செல்போனில் லூப் பற்றித் தேடிப் படித்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பின்பக்கத்து வயர்கள் கண்ணில் பட்டன. ஒன்று மேலேயிருந்து கீழே போகிறது, இன்னொன்று கீழேயிருந்து மேலே வருகிறது.

"ஏங்க," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "பின்னாடி நீங்க போட்ட ரெண்டு வயரும் போயிட்டுத் திரும்பி வருதே. அதா இருக்குமோ?"

முதலாளி உடனே பிடித்துக்கொண்டார். "வீட்டம்மாவே சொல்லுது. அதக் கழட்டிப் பாருங்களேன் தம்பி."

"அது வேற அண்ணாச்சி. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கணும்னு அப்படித்தான் போடுறது."

"கழட்டுனா என்ன, குடியா முழுகிரும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன். அவர் ஒரு வயரைக் கழற்றினார். விளக்குகள் முன்பு போலவே மின்னின.

"ம்ஹூம், சாமி இன்னும் மலையேறல" என்றார் கேஷியர்.

தெரிந்து சொல்லவில்லை நான். தவறு அவருடையதாக இருந்தால், அதில் எனக்குப் பங்கில்லை என்று அத்தனை பேருக்கும் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால், நான் அவர்கள் பக்கம். இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

என் கணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு வயரைக் கழற்றுவார், விளக்குகளைப் பார்ப்பார், மீண்டும் சொருகுவார். ஒரு வயரை எடுத்ததும் விளக்குகள் சட்டென்று அடங்கின. அதில் 'முதலாளி அறை' என்று எழுதி ஒட்டியிருந்தது.

கீழே போனோம். முதலாளியின் மேசைக்கு அடியில், மாடியிலிருந்து வரும் வயரைப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து துளை உள்ள சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். பழைய பிரிண்டருக்குப் போகும் வயரின் இரண்டு முனையும் அந்தப் பெட்டியிலேயே சொருகியிருந்தது. பிரிண்டர் அங்கே இல்லை.

"அட, நாந்தான்!" என்றார் முதலாளி. "பூசைக்குச் சுத்தம் பண்ணையில அந்தப் பிரிண்டரத் தூக்கி வெளிய வச்சேன். வயரு மட்டும் தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. சாமி கும்புடுற நாள்ல இப்படிக் கெடக்கலாமான்னு காலியா இருந்த ஓட்டையில சொருகிட்டேன்." சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

"அண்ணாச்சி கையால சொருகுனா அது கோயிலச் சுத்துற மாதிரி சுத்தத்தான செய்யும்" என்றார் கேஷியர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கணவர் அந்த வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு, மாடியில் கழற்றியதைத் திரும்ப மாட்டத் தனியாக ஏறிப் போனார். வீணாகக் கழற்ற வைத்த அந்த மாடி வயரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும்.

லாரி கிளம்பியது. அவர் இறங்கி வந்தபோது, "கம்பத்துக்கும் குமுளிக்கும் நீங்களே போட்டுருங்க தம்பி" என்றார் முதலாளி.

"பாப்போம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவர் சின்னமனூருக்கே திரும்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த ரெண்டு கிளைக்கும் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்ட்டச் சொல்லிட்டேன். நல்ல வேலைக்காரரு. உங்க ஆபீசையும் அவரே பாத்துக்குவாரு."

"ஏங்க? அண்ணாச்சி நல்லாத்தான பேசுனாக?"

"அண்ணாச்சி நல்லாத்தான் பேசுனாக" என்றார். இட்லிக்குச் சட்னி போதும், சாம்பார் வேண்டாம் என்றார்.

மறுநாள் முதலாளியிடம் அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர் பதறிவிட்டார். "ஏம்மா, நான் கழட்டச் சொன்னேன்னு தம்பிக்குக் கோவமா? போனப் போட்டுக் குடு, நான் பேசுறேன்."

"உங்க மேல இல்ல அண்ணாச்சி."

"பெறகு யாரு மேல?"

பக்கத்தில் கேஷியர் பணக்கட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் மேல" என்றேன்.

கேஷியர் தலையைத் தூக்கவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அந்தப் புது ஆளு நம்பரச் சொல்லு" என்றார்.