பிராக்கில் அளவுக்கு நின்ற கோமதி

வியாழன், காலை 4.50. அஜ்மானில் எங்கள் கட்டட வாசலில் நான்கு பேர், ஐந்து பெட்டிகள், ஒரு முக்காலி. பெட்டிகள் ஐந்தும் சேர்ந்து அறுபத்தொரு கிலோ. முந்தைய நாளே எடை பார்த்துச் சீட்டு ஒட்டியிருந்தேன். பெருநாள் விடுமுறை நான்கு நாள். எங்கள் கம்பெனியில் அதற்கு மேல் ஒரு நாள்கூட லீவு கிடைக்காது. அந்த நான்கு நாளுக்குள் செக் நாட்டின் தலைநகரமான பிராக்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நான்கு பேர் என்றால் நான், என் மனைவி கோமதி, அவள் தங்கை சங்கரி, சங்கரியின் கணவர் வேலாயுதம். வேலாயுதம் எனக்குச் சகலை. குவைத்தில் மங்காஃபில் இருக்கிறார், ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். என்னைவிட ஆறு வயது இளையவர். பயணத்துக்காக முதல் நாளே அஜ்மான் வந்துவிட்டார்கள்.

டாக்ஸி ஓட்டுநர் பெஷாவர்க்காரர். முக்காலிப் பையைத் தட்டிப் பார்த்து, "சாச்சா, இது என்ன, துப்பாக்கியா?" என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வேலாயுதம் அதே இந்தியில் முந்திக்கொண்டார்.

"கேமராவுக்குக் காலு, பாய். அதுக்கு மூணு, அண்ணாச்சிக்கு ரெண்டு. மொத்தம் அஞ்சு."

ஓட்டுநர் சிரித்தார். கோமதியும் சிரித்தாள். விமான நிலையம் முப்பத்திரண்டு கிலோமீட்டர், சுங்கம் உட்படத் தொண்ணூற்றாறு திர்ஹாம். வழியெல்லாம் ஓட்டுநர் வேலாயுதத்தோடு மட்டும்தான் பேசினார்.

முக்காலிக்குக் காரணம் உண்டு. எங்கள் மகள் செல்வி தாம்பரத்தில் வீடு கட்டி முடித்திருக்கிறாள். கூடத்துச் சுவரில் நான்கடிக்கு மூன்றடியில் எங்கள் இருவரின் படத்தை மாட்ட வேண்டுமாம். "போற ஊர்ல நல்லதா ஒண்ணு எடுங்கப்பா. திங்கக்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கணும்" என்றாள். ஆறு வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்தில் இரண்டு புகைப்படக்காரர்கள் ஆயிரத்து நானூறு படம் எடுத்தார்கள். நானும் இருநூற்றுப் பதினெட்டு எடுத்தேன். ஆனால் இன்று உறவுக்காரர்கள் வீடுகளில் தொங்குவது, வேலாயுதம் ஒரு கையில் பாயச டம்ளரை வைத்துக்கொண்டு மறு கையால் போனில் எடுத்த படம். இந்த முறை சுவரில் தொங்குவது என் படமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் கிளம்பினேன்.

வியாழன், பகல் 1.05. ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து இறங்கினோம். கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்பினேன். ஒரு திர்ஹாமுக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் கொருனா. ஊருக்குள் போகும் பேருந்தில் ஆளுக்கு நூறு கொருனா, முப்பத்தெட்டு நிமிடம். வழியின் இருபுறமும் புல் பச்சையாக நின்றது. யாரும் குழாய் போட்டுத் தண்ணீர் விடவில்லை, அதுவாக வளர்ந்திருக்கிறது. எங்கள் சாலையோரத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு சொட்டுக் குழாய் போட வேண்டும், அதையும் எண்ணிப் பில் எழுத வேண்டும். நான் எழுதியிருக்கிறேன்.

முப்பத்து நான்கு வருடமாக வளைகுடாவில் குவான்டிட்டி சர்வேயர் வேலை. எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று அளந்து பில் போடுவது என் தொழில். இருபத்தாறு கட்டடங்கள் அளந்திருக்கிறேன். அவற்றில் மூன்று இன்று இல்லை. இடித்துவிட்டு இன்னும் உயரமாகக் கட்டினார்கள். ஒன்றுக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகியிருந்தது. இங்கே தெருமுனையில் ரொட்டி விற்கும் சாதாரண வீட்டுக்கு முந்நூறு, நானூறு வயது என்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது.

வெள்ளி, காலை 9.40. பழைய நகரச் சதுக்கம். நகர மன்றக் கோபுரத்தில் அந்தப் புகழ்பெற்ற வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறக்கும், பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போகும், பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணி அடிக்கும், கடைசியில் சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைப் பார்க்க முந்நூறு பேருக்குக் குறையாமல் கழுத்தை நிமிர்த்தி நின்றார்கள். நான் விளக்குக் கம்பம் ஒன்றின் அடியில் முக்காலியை விரித்தேன். கோமதியைக் கோபுரத்துக்குக் கீழே நிற்கச் சொன்னேன்.

"குடைய நேராப் பிடி. சாய்க்காத."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். மழையும் இல்ல, வெயிலும் இல்ல. பாக்குதவங்க என்னன்னு நினைப்பாங்க?"

சைட்டில் படம் எடுத்தால் பக்கத்தில் ஓர் ஆளையோ அளவுகோலையோ நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுவர் இரண்டு மீட்டரா நான்கு மீட்டரா என்று தெரியாது, பில்லுக்கு அந்தப் படம் செல்லாது. இந்தப் பழக்கம் என் கையோடு ஊறிப்போனது. கோமதியின் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். குடை எண்பத்து நான்கு. அவள் நின்றால் எந்தக் கோபுரத்தின் உயரத்தையும் பிறகு உட்கார்ந்து கணக்கிடலாம். நாற்பது வருடமாக எல்லா ஊரிலும் இப்படித்தான் நிற்கிறாள்.

பத்து மணி அடித்து முடிவதற்குள் அறுபத்து நான்கு படம் எடுத்தேன், பெரும்பாலும் கடிகாரம் மட்டும். நடுவில் ஒரு சீனப் பெண்மணி முக்காலியில் கால் தடுக்க, அதைப் பிடிக்கப் போய் என் தொப்பி உருண்டது. துரத்திக்கொண்டு பத்து அடி ஓடினேன். திரும்பி வந்தால் சீடர்கள் போய்விட்டார்கள், சேவலும் கூவிவிட்டது.

மதியம் 12.30. நதிக்கரையில் ஒரு கடை. உருளைக்கிழங்குக் கஞ்சி நூற்று இருபது கொருனா, ரொட்டிக்குத் தனி. பக்கத்து மேசையில் என் வயதுக்காரர்கள் மூன்று பேர் பட்டப்பகலில் ஆளுக்கு அரை லிட்டர் பீர் வைத்துக்கொண்டு அன்னப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தேழு வயதில் நான் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை விசா புதுப்பிக்கிறேன். மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறேன். அவர்கள் யாருடைய அனுமதியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு அன்னங்கள்.

அப்போது சங்கரி தன் கணவரின் போனை என் பக்கம் நீட்டினாள்.

"அத்தான், இங்க பாருங்க. அக்கா எப்பிடிச் சிரிக்கா பாருங்க."

பார்த்தேன். கடிகாரக் கோபுரத்தடியில் அதே கோமதி, அதே குடை. ஆனால் குடை சாய்ந்திருந்தது. ஒரு கையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு விரல் வழியே வெளியே வந்திருந்தது. என் கேமராவில் உள்ள நாற்பது வருடத்தில் இப்படி ஒரு முகம் கிடையாது.

"சும்மா அமுக்குனேன் அண்ணாச்சி" என்றார் வேலாயுதம், கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே.

அவர் ஏதோ ஜோக் சொல்லியிருப்பார், அவள் சிரித்திருப்பாள். அப்படித்தான் எனக்குப் பட்டது. மீதிக் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுப் பில்லைக் கேட்டேன்.

வெள்ளி, மாலை 4.15. ட்ராமில் ஏறி மலைமேல் கோட்டைக்குப் போனோம். உள்ளே இருக்கும் பெரிய தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு இருநூற்று எண்பத்தேழு படிகள். பெண்கள் வரவில்லை என்றார்கள். வேலாயுதமும், "கால் மூட்டு விடாது, நீங்க போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்று கீழேயே நின்றுவிட்டார். நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். இருநூற்று எண்பத்தாறுதான் வந்தது. எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அது அன்று முழுவதும் உறுத்தியது.

மேலிருந்து பார்த்தால் நகரம் முழுக்கச் சிவப்பு ஓடு. நதி வளைகிறது, பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. படம் எடுக்க வேண்டியவன் லென்சைக் கீழே முற்றத்துக்குத் திருப்பினேன். மூன்று புள்ளிகள். பெரிதாக்கினேன். வேலாயுதம் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டிக் கூப்பிட்டேன். நான்கு தடவை ஆட்டினேன். காற்றில் தொப்பி மறுபடி பறக்கப் பார்த்தது. வேலாயுதம் நிமிரவேயில்லை. இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.

சனி, காலை 5.25. சார்லஸ் பாலம். ஐந்நூற்றுப் பதினாறு மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள், முப்பது சிலைகள். சிலைகளை நானே எண்ணிச் சரிபார்த்தேன். அந்த நேரத்தில் போனால்தான் கூட்டம் இருக்காது, கிழக்கிலிருந்து வெயில் கோட்டையின் முகத்தில் விழும். மகளின் சுவருக்கான படம் இங்கேதான். கோமதியைக் கைப்பிடிச் சுவர் ஓரம் நிறுத்தினேன். பதினான்கு மீட்டர் தள்ளி முக்காலி. பொத்தானை அமுக்கினால் பத்து விநாடி. அதற்குள் ஓடிப் போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதல் தடவை என் முதுகு மட்டும் விழுந்தது. இரண்டாவதில் உடற்பயிற்சிக்கு ஓடும் ஒருவன் குறுக்கே வந்தான். மூன்றாவது, நான்காவதில் கல்யாண ஜோடி ஒன்று. ஐந்தாவதில் ஒரு செருப்பு கழன்றது. ஆறாவதுக்கு ஒற்றைச் செருப்போடு ஓடினேன், படத்தில் கண் மூடியிருந்தேன். அந்த ஓட்டத்துக்குள் வேலாயுதமும் சங்கரியும் காகிதக் கோப்பையில் காபியோடு நிதானமாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, ராக்கெட்டா விடுதீய?"

நேரே கோமதியிடம் போனேன்.

"கொஞ்சம் சிரியேன்."

"சிரிக்கேன். எத்தனை பல்லு தெரியணும்னு சொல்லிப்புடுங்க."

ஏழாவது படம் சரியாக வந்தது. கோட்டை துல்லியம், வெளிச்சம் துல்லியம், நாங்கள் இருவரும் நடுவில். ஆனால் கோமதி குடையை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு அளவுகோல் போல நின்றிருந்தாள். பாலத்தின் உயரத்தை அந்தப் படத்திலிருந்து கணக்கிடலாம். வேறு ஒன்றும் கிடைக்காது.

ஞாயிறு, பகல் 12.50. பிராக் விமான நிலையம். விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். என் கேமராவில் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். கோமதி இருப்பவை நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டிலும் குடை நேர். வேலாயுதத்தின் போனை, விமான நேரம் பார்ப்பதாகச் சொல்லி வாங்கினேன். நான்கு நாளில் அவர் எடுத்ததே முப்பத்தேழு. கோமதி சிரிப்பவை பதினொன்று.

பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் ஒன்று புரிந்தது. ஒன்றில்கூட அவள் கேமராவைப் பார்க்கவில்லை. வேலாயுதத்தையும் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் பார்வை வேறு ஏதோ ஒரு பக்கம் போயிருந்தது.

போன் படத்தில் நேரம் பதிவாகியிருக்கும், என் கேமராவிலும் இருக்கும். இரண்டையும் மடியில் வைத்து ஒப்பிட்டேன். சதுக்கத்துப் படம் பத்து மணி. அவள் பார்த்த பக்கம் விளக்குக் கம்பம், என் தொப்பி உருண்ட இடம். கோட்டை முற்றத்துப் படத்தில் முகவாய் மேலே தூக்கியிருந்தது. அப்போது நான் கோபுரத்தின் உச்சியில் கை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாலத்துப் படம் ஐந்து ஐம்பத்திரண்டு. என் கேமராவில் அது கண் மூடிய ஆறாவது படத்தின் நேரம். குடை தோளில் சாய்ந்திருக்க, ஒரு கை கல் சுவரில் ஊன்றியிருக்க, இடப்பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரிக்கிறாள். இப்படியே பதினொன்றையும் சரிபார்த்தேன். பதினொன்றும் பொருந்தின.

கோமதி பக்கத்து இருக்கையில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நீ யாரப் பாக்கே?"

போனை வாங்கிப் பார்த்தாள். "இதென்ன கேள்வி? வயசு எழுபதுக்குப் பக்கத்துல போகுது, ஒத்தச் செருப்போட அந்த ஓட்டம் ஓடுனா சிரிக்காம என்ன செய்ய?"

"வேலாயுதம் ஜோக்குக்குன்னு நினைச்சேன்."

"அவரு ஜோக்க முப்பத்தஞ்சு வருஷமாக் கேக்கேன். ஆறே ஆறுதான் இருக்கு."

"ஏழு" என்றேன்.

"சரி, ஏழு" என்று ஒரு முறுக்கை என் கையில் வைத்தாள்.

வேலாயுதத்தைக் கூப்பிட்டு, பாலத்துப் படத்தைச் செல்விக்கு அனுப்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அண்ணாச்சி, அம்புட்டுப் பெரிய கேமரா இருக்கையில எம்படத்தயா? அது கோவிச்சுக்காதா?" நல்ல வேளை, கோமதி சிரிக்கவில்லை. பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். பாயச டம்ளரோடு ஒன்று, காபிக் கோப்பையோடு ஒன்று, இரண்டு சுவர் அவருக்குப் போய்விட்டது.

திங்கள், காலை 8.10. அஜ்மான். பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தை இடிக்கத் தகரம் அடித்திருக்கிறார்கள். இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்தபோது அது புதுக் கட்டடம். அதற்குள் முப்பத்தொன்பது டிகிரி. பிராக்கில் இந்நேரம் ட்ராம் மணியடித்துக்கொண்டு அந்தக் கிழட்டு வீடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். அவை இன்னும் நானூறு வருடம் இருந்தாலும் இருக்கும். கோமதி உள்ளே குடையை மடித்துப் பரணில் வைத்தாள். அதைக் கீழேயே வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். இனிமேல் சாய்த்தே பிடிக்கலாம் என்றேன்.

செல்வியிடமிருந்து செய்தி வந்திருந்தது. "அம்மா சூப்பர்! பிரிண்டுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு பேர் படம் கேட்டேனே, இதுல நீங்க எங்கப்பா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முக்காலி நின்ற தூரத்தையும் ஆறாவது ஓட்டத்தில் நான் கடந்திருக்கக்கூடிய தூரத்தையும் கழித்துப் பார்த்துப் பதில் அடித்தேன்.

"இடப்பக்கம். படத்துக்கு வெளியே, நாலு மீட்டரில்."