சுருளிக்கு எண்ணெய்க் குளியல்

நாய்க்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டும் மூளை திருச்சியிலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும். அதிலும் நாள் பார்த்தேன். சுருளி ஆண்பிள்ளை, ஆகவே சனிக்கிழமை.

சுருளியைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. லாப்ரடாரும் பூடுலும் கலந்த டூடுல் குட்டி. டீ நிறம், தொட்டால் பஞ்சு. "முடியே கொட்டாது அத்தான், நான் கேரண்டி" என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் மனுஷருக்கே இடமில்லை என்று யோசித்த அப்பா, என் பக்கம் திரும்பினார்: "ஒரு முடி சோத்துல கிடக்கட்டும், அன்னைக்கே பெங்களூருக்குப் பஸ் ஏத்திடுவேன்."

ஒரு வயது நெருங்கியதும் மாமாவின் கேரண்டி காலாவதியானது. சீப்பை வைத்து இழுத்தால் கொத்துக் கொத்தாக முடி. அப்பா கண்ணில் பட்டால் பஸ்தான். வந்ததைக் கால்சட்டைப் பையில் திணித்து, ஸ்கூல் போகும் வழியில் வேலிக்கு அப்பால் வீசினேன். பிறகு ஒரு யோசனை உதித்தது: ஆழமாகச் சீவினால்தானே வரும்? மேலாகத் தடவிவிட்டேன். முடி வரவில்லை. சுருளி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அப்பா வேலைக்குக் கிளம்பும்முன் வாசலில் நின்று காக்கிச் சட்டையைத் தட்டித் தட்டி விடுவார். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் பூசிக்கொள்ளப் போகிறவருக்கு எதற்கு இந்தச் சுத்தம் என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒருநாள் சுருளியின் காதுக்குப் பின்னால் விரல் விட்டேன், நுழையவில்லை. உடம்பெல்லாம் தோலோடு ஒட்டிக் கம்பளியாகச் சிக்கு. தொட்டால் முனகினான். அம்மா தன் தலையில் சிக்கு விழுந்தால் எண்ணெய்தான் வைப்பாள். அவளும் அப்பாவும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போன சனிக்கிழமை, பாட்டிலைக் கவிழ்த்தேன்.

குளித்துக் காய்ந்ததும் முடி வறட்டி மாதிரி இறுகிவிட்டது. காலைத் தூக்கும்போதெல்லாம் தோல் இழுபட்டு நொண்டினான். கட்டிலுக்கடியில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெங்களூர் பஸ்ஸின் ஹாரன் காதிலேயே கேட்டது.

கோயிலிலிருந்து வந்தவர்கள் எங்களைப் புத்தூரில் ஒரு நாய் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள்.

"தினமும் சீவுனியா தம்பி?"

"சீவுனேன் டாக்டர்."

"மேல சீவியிருக்க. குட்டி முடி போயி பெரிய முடி வர்ற நேரம்டா இது. உதிர்ற முடி சுருட்டைக்குள்ளயே மாட்டிக்கும். பிரிச்சுப் பிரிச்சு, தோல் வரைக்கும் சீவி எடுத்துடணும். எண்ணெய் வேற! இப்ப மொட்டைதான்."

"சமயபுரத்துக்குக்கூட வேண்டிக்கலையேடா" என்றாள் அம்மா.

மெஷின் ஓடியது. முடி ஒரே துண்டாக, சால்வைபோல உரிந்து விழுந்தது. அடியில் தோல் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. யாரோ வீட்டு ஆட்டுக்குட்டிபோல இளைத்துப்போய் நின்ற சுருளி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உதிர்ந்த முடி மொத்தமும் அப்பாவின் காலடியில் கிடந்ததே!

திரும்பும்போது ஆட்டோவில் சுருளி அப்பாவின் மடியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தான். அப்பா தன் சட்டைக் கையிலிருந்து ஒரு டீ நிற முடியை எடுத்து, பழகிய கையால் வெளியே ஊதிவிட்டார். தினமும் வாசலில் அவர் தட்டிவிட்டது எதை என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்:

"மறுபடியும் முளைச்சு, மறுபடியும் கொட்டுனா என்னப்பா பண்றது?"

"பெருக்கிட்டாப் போச்சு."