மேல்மாடி வாய் திறந்த ஞாயிறு

முப்பது வருடமாக இத்தாலியில் எங்கள் பார்மா ஊரின் ஒபரா அரங்கில், அதுதான் பாட்டு நாடக அரங்கில், பாடகர்களுக்கு உடை மாட்டிவிடுகிறேன். எந்த ராஜாவுக்குத் தொப்பை, எந்த வீரனுக்கு முழங்கால் நடுக்கம், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆகவே ஒரெஸ்தே கிரெத்தியைப் பற்றி ஊரில் யார் எதை அளந்தாலும் நம்பாதீர்கள். அவன் எங்கள் தெருக்காரன். என்னிடம் கேளுங்கள்.

பதினைந்து வயதில் சீஸ் பண்ணைக்கு வேலைக்குப் போனான். வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும் சீஸ் கட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்துப் புரட்டி வைக்க வேண்டும். புரட்டும்போதெல்லாம் பாடுவான். "கத்துடா கத்து, பால் சீக்கிரம் உறையட்டும்" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவன் இன்னும் சத்தமாகப் பாடுவான்.

அவனுடையது பாரிட்டோன், கனத்த ஆண்குரல். ஒபராவில் மேல்குரல் பாடும் டெனருக்குக் காதலி கிடைப்பாள். பாரிட்டோனுக்குத் துரோகி வேஷம், இல்லாவிட்டால் பெண்ணைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம். ஒரெஸ்தேவுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. "டெனர் அழுதா ஜனங்க வேடிக்கை பாப்பாங்க. நான் அழுதா ஜனங்க அழுவாங்க" என்பான். தலைக்கனம்தான். ஆனால் பொய்யில்லை.

இருபத்தைந்து வயதில் எங்கள் அரங்கில் முதல் வேஷம் கட்டினான். உச்சத்தில் ஒரு சுரம் உடைந்தது, அவ்வளவுதான். மேல்மாடிக்காரர்கள் விசிலடித்தே அவனை உள்ளே விரட்டினார்கள்; எங்கள் ஊரில் விசில் என்றால் வசவு. மேல்மாடி என்றால் கூரையை ஒட்டிய கடைசி அடுக்கு, மலிவு டிக்கெட். கறிக்கடைக்காரர்களும் ரயில்வே கூலிகளும் உட்காரும் இடம். அவர்களுக்கு ஒவ்வொரு ஒபராவும் வரிக்கு வரி மனப்பாடம். கீழே வெல்வெட் நாற்காலியில் இருப்பவர்கள் கைதட்டினால் எங்கள் ஊரில் யாரும் சட்டை செய்வதில்லை. மறுநாள் காலை ரொட்டிக் கடையில், "உனக்கு உடைஞ்ச ரொட்டி தரட்டுமா?" என்று கேட்டார்களாம். அன்றே ரயிலேறிவிட்டான், பாவி.

பிறகு பதினெட்டு வருடம். ஜெனோவா, லிஸ்பன், புவனோஸ் ஐரிஸ் என்று போன இடமெல்லாம் கொடி நாட்டினான். ஒப்பந்தம் போடும்போது ஒரே ஒரு நிபந்தனை: பார்மாவில் மட்டும் பாட மாட்டேன். 1956-ஆம் வருடம் பனிக்காலத்தில் அவனாகவே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"இப்ப என்னடா திடீர்னு?" என்றேன்.

"ஊரு உலகமெல்லாம் கைதட்டியாச்சு, திர்சே. அந்த மேல்மாடி என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை 'திரும்பப் பாடு'ன்னு சொல்லணும். சொல்லலேன்னா நான் வெறும் சீஸ் புரட்டினவன்தான்."

சொல்லும்போது சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை; மேல்மாடி அந்த வார்த்தையை லேசில் சொல்லாது.

வெளியூரிலேயே கிடந்ததில் அவன் புத்தி மழுங்கியிருந்தது. அங்கெல்லாம் கைதட்டுகிற கூட்டத்தின் தலைவனுக்கு இலவச டிக்கெட் அனுப்பிவைப்பது வழக்கம். அதே பழக்கத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் மேல்மாடியின் தலைவன் நுல்லோவுக்கு முப்பது டிக்கெட் அனுப்பிவிட்டான். நுல்லோ பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவன். கத்தி அளவுக்குக் காதும் கூர்மை. ஞாயிறு மதியக் காட்சிக்கு நான் ஒரெஸ்தேவுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த உறை திரும்பி வந்தது. முப்பது டிக்கெட்டும் நாலு நாலாகக் கிழிந்து கிடந்தன.

"அட மடையா! காலையிலேர்ந்து பனியில வரிசை நின்னு, கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கறவங்கடா அவங்க. அவங்க காதை விலை பேசினியா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. பிறகு கண்ணாடியைப் பார்த்துத் தாடியைச் சரிசெய்துகொண்டான். "பொத்தானைப் போடு, திர்சே. குரல் என்னுதுதானே, அதை யாரும் கிழிக்க முடியாதுல்ல" என்றான்.

அவன் மேடையேறியபோது மேல்மாடியில் ஒரு இருமல்கூட இல்லை. முதல் அங்கம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. விசிலும் இல்லை, கைதட்டலும் இல்லை. விசிலடித்தாலாவது தேவலை என்று இருந்தது எனக்கு. மூன்றாவது அங்கத்தில், மகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று தகப்பன் கெஞ்சும் பாட்டு. ஐயோ, என்ன பாட்டு பாடினான்! திரைக்குப் பக்கத்தில் நின்ற நான், கையில் வைத்திருந்த அவனுடைய மேலங்கியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கீழே கைதட்டல் எழுந்தது. மேலேயிருந்து "உஷ்!" என்று ஒரே அதட்டல். எல்லாம் அடங்கிவிட்டது.

ஒரெஸ்தே வேஷத்தை மறந்து மேடையின் விளிம்புக்கு வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"நுல்லோ! டிக்கெட் அனுப்பினது என் தப்பு. அதுக்கு நல்லா விசிலடி, நின்னு வாங்கிக்கறேன். பாட்டுக்கு என்ன சொல்றே?"

வாத்தியக்காரர்கள் கைகளை மடியில் போட்டுக்கொண்டார்கள். வாத்தியக் குழுவின் நடத்துநர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. நுல்லோ எழுந்தான்.

"டிக்கெட் விஷயம் கடைக்கு வா, அங்க வச்சுக்கறேன். பாட்டுல, 'என் பிள்ளை'க்கு அப்புறம் மூச்சு எடுத்தே. பெத்தவன் அங்க மூச்சு விட மாட்டான்டா. திரும்பப் பாடு!"

ஒரெஸ்தே நடத்துநரைப் பார்த்துத் தலையசைத்தான். வயலின்கள் மறுபடி தொடங்கின. அந்த வரியை அவன் ஒரே மூச்சில் பாடினான். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் ரத்தமாகச் சிவந்தது. விழுந்துவிடுவான் என்றே நினைத்தேன். விழவில்லை. பாட்டு முடிந்தது.

"திரும்பப் பாடு!" என்றான் நுல்லோ.

ஒரெஸ்தேவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடையிலிருந்தே கத்தினான். "இப்ப எங்கடா தப்பு?"

நுல்லோ கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எங்கேயும் இல்லடா. அதான் கேக்கறோம்."